தட்டட்டியில் சோலார், தரைக்குள் எர்த்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுத் தட்டட்டியிலும் (மொட்டை மாடியிலும்) வயலிலும் சோலார் போட்டவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பேனல் எந்தக் கம்பெனி வாங்கலாம், மானியம் எப்போது வரும் என்பதெல்லாம் அடுத்த முறை.

மானியத் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். காலையில் தட்டட்டியில் வடகம் காயப்போடும்போது ஈரக்கை பேனல் ஓரத்தில் பட்டால் விறுவிறுவென்று இழுக்கிறது. மாட்டிவிட்டுப் போன பையனிடம் கேட்டால், "சோலார்னா லேசா அப்படித்தான் இருக்கும்க்கா" என்கிறான். அப்படியா?
– வாசகி, பாளையங்கோட்டை

அப்படி இருக்கவே கூடாது. எர்த் ஒழுங்காக இருந்தால் ஈரக்கையோடு தொட்டாலும் ஒன்றும் தெரியாது.

இப்போது வீடுகளுக்கு வரும் இன்வெர்ட்டர்களில் (பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) பெரும்பாலானவற்றின் உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பேனலுக்குள் இருக்கும் செல்லுக்கும் வெளியே இருக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவே கண்ணாடியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும்தான் இருக்கின்றன. இது ஒரு கெபாசிட்டராக (மின்தேக்கியாக) வேலை செய்து கொஞ்சம் கரண்டைச் சட்டத்துக்குக் கடத்தும். பனி விழுந்து கண்ணாடி நனைந்திருக்கும் காலையில் அது இன்னும் கூடும். சட்டம் எர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்தக் கசிவு நேராக மண்ணுக்குப் போய்விடும். சேராவிட்டால் உங்கள் கை வழியாகப் போகும். இன்று இது வெறும் விறுவிறுப்பு. நாளை ஏதாவது ஒரு டிசி வயர் தோல் உரிந்து அதே சட்டத்தில் பட்டால் சில நூறு வோல்ட் வந்து நிற்கும்.

பிழை பெரும்பாலும் எர்த் குழியில் இருக்காது, மாடியிலேயே இருக்கும். அலுமினியச் சட்டத்தின் மேல் அனோடைஸ் பூச்சு உண்டு. பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பூச்சில் கரண்ட் ஓடாது. எர்த் கம்பியை அதன்மேல் வெறுமனே வைத்துத் திருகினால் இணைத்த மாதிரி தெரியும், இணைப்பு இருக்காது. சட்டத்தின் நீளப் பக்கத்தில் எர்த் குறி போட்ட சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், அதுதான் இடம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போட்டு, பல் வைத்த ஸ்டார் வாஷரைச் சட்டத்தை ஒட்டி வைக்க வேண்டும். இறுக்கும்போது அந்தப் பல் பூச்சைக் கீறி உள்ளே உலோகத்தைப் பிடிக்கும். அதற்குமேல் லக் (கம்பி முனையில் மாட்டும் வளையம்), பிளெயின் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு. லக் வெறும் செம்பாக இருக்கக் கூடாது. அலுமினியத்தோடு செம்பு நேரடியாகப் பட்டால் இரண்டு மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி பூத்து இணைப்பு போய்விடும். வெள்ளீயம் பூசிய செம்பு லக் கடையில் கிடைக்கிறது. கம்பி, பச்சையில் மஞ்சள் கோடு போட்ட 6 சதுர மி.மீ. செம்பு, அதற்குக் குறையக் கூடாது.

இன்னொன்று. ஒரு பேனலிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று துண்டு துண்டாகக் கம்பி தாவிப் போயிருந்தால், நடுவில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றவற்றுக்கு எர்த் அறுந்துவிடும். ஒரே கம்பியை வெட்டாமல் ஓட்டி, ஒவ்வொரு பேனலுக்கும் கிளை கொடுக்கச் சொல்லுங்கள். பேனலைத் தாங்கும் ஸ்டாண்டையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள். மீட்டரை ஓமில் வைத்து, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை நீளக் கம்பியால் கீழே எர்த் பட்டைக்குக் கொண்டுபோய், மறுமுனையை அந்தப் போல்ட்டில் வைத்தால், முதலில் குறித்ததையும் நீளக் கம்பியின் அளவையும் கழித்த பிறகு 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். முனையைச் சட்டத்தின் பளபளப்பான பக்கத்தில் வைத்துவிட்டு "எர்த்தே இல்லை" என்று பயப்படாதீர்கள். பூச்சு அங்கேயும் ஏமாற்றும்.

சரிசெய்யும்வரை வடகத்தை வேறு பக்கம் காயப்போடுங்கள். வேலை செய்ய வருகிறவர் முதலில் ஏசி எம்சிபியை (கரண்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச்), பிறகு டிசி ஐசொலேட்டரை (பேனல் வயரைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்க வேண்டும். இரண்டையும் இறக்கினாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் வோல்ட்டேஜ் நிற்கும் என்பதை அவருக்கு நினைவூட்டுவதில் தப்பில்லை.

எங்களுடையது தேரிப் பக்கம், செம்மணல். கான்ட்ராக்டர் 1 மீட்டர் ராட் ஒன்றை அடித்துவிட்டு "எர்த் முடிஞ்சுது அண்ணாச்சி" என்கிறார். மானூரில் மச்சான் வீடு கரிசல், அங்கேயும் இதே ராட்தானாம். போதுமா?
– வாசகர், திசையன்விளை

மச்சான் வீட்டுக்கே போதாது. உங்களுக்கு எங்கே போதும்!

எர்த்தின் தடை எவ்வளவு ஓம் வரும் என்பதை ராட்டைவிட மண்தான் தீர்மானிக்கிறது. ஓம் குறையக் குறைய எர்த் நல்லது. ஈரமான கரிசலின் மின்தடை எண் 5 முதல் 20 ஓம்-மீட்டருக்குள் இருக்கும். காய்ந்த மணல் சில நூறு, ஆயிரம் என்று போகும். பாறை அதற்கும் மேலே. எர்த்துக்கான ஐ.எஸ். 3043 விதிநூலில் உள்ள சூத்திரத்தில் போட்டால், 17 மி.மீ. கனமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ராட் ஒன்று, மண்ணின் எண்ணில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஓம் தரும். அதாவது கரிசல் 10 என்றால் 3.5 ஓம். செம்மண் 100 என்றால் 35. தேரி மணல் 500 என்றால் 170-ஐத் தாண்டும். 1 மீட்டர் ராட் என்றால் கரிசலிலேயே 8, 9 ஓம். சோலாருக்கு எதிர்பார்க்கும் உச்சவரம்பு 5 ஓம்.

இரண்டு ராட் அடித்தால் பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 35 ஓம் தரும் 3 மீட்டர் ராட்டுக்குப் பக்கத்தில் 3 மீட்டர் தள்ளி இன்னொன்று அடித்துச் சேர்த்தால் 20 ஓம் வரும். ஒரு மீட்டர் தள்ளி அடித்தால் அந்த அளவுக்குக்கூட இறங்காது, ஏனென்றால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போடுகின்றன. இடைவெளி குறைந்தது ராட்டின் நீளம். இடம் இருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு.

உங்கள் மண்ணில் செய்ய வேண்டியது ஆழம் போவது. ராட்டோடு ராட்டைக் கப்ளர் வைத்துக் கோர்த்து 6 மீட்டர் இறக்கலாம். மணலுக்குக் கீழே சரளோ பாறையோ தட்டினால் போர் வண்டியை வைத்து ஒரு துளை போட்டு, ராட்டை இறக்கிச் சுற்றிலும் பென்டோனைட் களிமண் மாவைக் கூழாகக் கரைத்து ஊற்றுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், ராட்டையும் அரிக்காது. செம்புப் பூச்சு 250 மைக்ரான் உள்ள ராட்டைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைவாக இருப்பது பூச்சு மெலிந்தது. சம்மட்டியால் அடிக்கும்போதே தோல் உரிந்து இரும்பு தெரியும். குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் பக்கமாகவோ, வாழைக்குப் பாயும் பக்கமாகவோ இடம் பார்த்தால் கோடையிலும் தாங்கும்.

இத்தனை செய்தும் தேரியில் 5 ஓம் வராமல் போகலாம். அதனால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை, ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் லைனை அறுக்கும் சுவிட்ச்) இருக்கிற பட்சத்தில். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது விழுந்துவிடும். 100 ஓம் எர்த்தில்கூட அப்போது சட்டத்தில் ஏறியிருப்பது 3 வோல்ட்தான். வீட்டு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர். இன்வெர்ட்டர் லைனுக்கு அதன் கையேடு சொல்லும் வகையில் 100 அல்லது 300. அங்கேயும் 30 போட்டால் மழைக்காலத்தில் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

எர்த் நன்றாக இருக்கிறது என்று காட்ட, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை மாட்டி எரியவிட்டார்கள். பிரகாசமாக எரிந்தது. நம்பலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

நம்பக் கூடாது. 100 வாட் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். எர்த் 50 ஓமாக இருந்தாலும் பல்புக்குப் பத்தில் ஒன்பது பங்கு வோல்ட்டேஜ் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எர்த் கம்பி அறுந்து கிடக்கவில்லை என்பது மட்டும்தான் அதில் தெரியும். எர்த் மோசமாக இருந்தால், பல்பு எரியும் நேரத்தில் வீட்டில் எர்த்தோடு சேர்ந்த எல்லாச் சட்டங்களிலும் வோல்ட்டேஜ் ஏறும் என்பது தனி வம்பு.

எர்த் டெஸ்டர் மீட்டரோடு வரச் சொல்லுங்கள். குழியிலிருந்து வீட்டுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, 30 மீட்டர் தள்ளி ஓர் ஆணி, அதே நேர்கோட்டில் 18.5 மீட்டரில் இன்னோர் ஆணி அடித்து அளப்பார்கள். நடு ஆணியை 2, 3 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளக்க வேண்டும். மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் அது மெய்யான அளவு. மேலப்பாளையம் சந்துகளில் 30 மீட்டர் மண் தரைக்கு எங்கே போக? நீளம் கிடைக்கும் பக்கமாகத் தெருவோரத்தில் நேர்கோடு பிடிக்கலாம். கவ்வி அளக்கும் கிளாம்ப் டெஸ்டரும் உண்டு. ஆனால் அது ஒன்றுக்கொன்று இணைந்த பல குழிகள் இருந்தால்தான் சரியாகக் காட்டும். ஒற்றைக் குழியில் அதன் எண்ணுக்கு அர்த்தமில்லை.

அளப்பது எந்த மாதம் என்பதும் முக்கியம். கார்த்திகையில் எந்தக் குழியும் நல்ல குழிதான். வைகாசி, ஆனியில் அளந்த எண்ணை வைத்துப் பணம் கொடுங்கள்.

குழி தோண்ட இடமில்லை. நியூட்ரலையும் எர்த்தையும் மெயின் போர்டிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன்.
– வாசகர், களக்காடு

சேர்க்காதீர்கள். காற்றில் போஸ்ட்டிலிருந்து வரும் நியூட்ரல் கம்பி அறுந்தால், வீட்டில் ஓடும் ஃபேன், பிரிட்ஜ் வழியாக 230 வோல்ட் அப்படியே நியூட்ரலுக்கு வரும். அதோடு சேர்த்த பேனல் சட்டம், ஸ்டாண்டு, கிரைண்டர் எல்லாம் பேஸாகிவிடும். எம்சிபி விழாது, ஏனென்றால் கூடுதல் கரண்ட் எதுவும் ஓடவில்லை. ஆர்சிசிபி இருந்து, அதற்குப் பிறகு வரும் நியூட்ரலில் சேர்த்தால் அது அன்றே விழத் தொடங்கும். அப்போது "ஆர்சிசிபி கெட்டுப்போச்சு" என்று அதையும் கழற்றுவார்கள். குழிக்கு அரை மீட்டர் சதுர இடம் போதும். ராட்டுக்கு அதுவும் வேண்டாம்.

நல்ல எர்த் இருந்தாலும் எம்சிபியை மட்டும் நம்பியிருக்க முடியாது. உங்கள் எர்த் 5 ஓம், ட்ரான்ஸ்ஃபார்மர் எர்த் 2 ஓம் என்று வையுங்கள். பேஸ் சட்டத்தில் பட்டால் ஓடுவது 230-ஐ 7-ஆல் வகுத்த 33 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

மூன்று எர்த் குழி போட்டிருக்கிறோம்: பேனலுக்கு, இன்வெர்ட்டருக்கு, இடிதாங்கிக்கு. மூன்றையும் சேர்க்கவே கூடாது என்கிறார் ஒருவர், சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

இருவர் சொல்வதிலும் பாதி சரி. மாடியில் சேர்க்கக் கூடாது. தரை மட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இடிதாங்கியில் 10,000 ஆம்பியர் இறங்குகிறது, குழி 5 ஓம் என்று வையுங்கள். அந்தக் குழி அந்த நொடியில் 50,000 வோல்ட்டுக்கு எழும்பும். பத்தடி தள்ளி இருக்கும் இன்வெர்ட்டர் குழி அந்த அளவுக்கு ஏறாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த வித்தியாசம் எங்கேயாவது தாவியாக வேண்டும். அது தாவும் இடம் இன்வெர்ட்டர் போர்டாக இருப்பது வழக்கம். மூன்று குழிகளையும் மண்ணுக்குள் 30×3 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் கோர்த்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 விதிநூல் வழியும் இதுதான். ஆய்வுக்கு வருகிறவர் மூன்று தனிக் குழி கேட்பார், அவை இருக்கட்டும். ஒவ்வொரு குழியின் பட்டைக்கும் கழற்றி மாட்டும் போல்ட் இணைப்பு வைத்தால் தனித்தனியாக அளந்து காட்டலாம்.

மாடியில் மட்டும் பிரித்து வையுங்கள். இடிதாங்கிக் கம்பியிலிருந்து இறங்கும் பட்டை பேனல் ஸ்டாண்டைத் தொடக் கூடாது, டிசி வயரோடு ஒட்டி ஓடக் கூடாது, 90 பாகையில் மடங்கக் கூடாது. இரும்புக் குழாய்க்குள் விட்டு அழகாக இறக்கினால் மின்னல் வேகத்துக்கு அந்தக் குழாயே முட்டுக்கட்டை.

மழை பெய்த மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் "ஐசொலேஷன் ஃபால்ட்" காட்டி நிற்கிறது. பதினொரு மணிக்கு மேல் தானாக ஓடுகிறது. தானாகச் சரியாகிறது என்று விட்டுவிடலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

விடாதீர்கள். தானாகக் காய்கிறது, சரியாகவில்லை. டிசி வயருக்கும் எர்த்துக்கும் நடுவே எங்கேயோ ஈரம் பாலம் போடுகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஓடத் தொடங்குமுன் இன்வெர்ட்டர் இதைச் சோதித்துப் பார்க்கும். அதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இதை நீங்கள் செய்ய வேண்டாம். 1000 வோல்ட் தாங்கும் மீட்டரும் ரப்பர் கையுறையும் உள்ள ஆளை, கோளாறு காட்டும் காலை நேரத்திலேயே கூப்பிடுங்கள். மத்தியானம் வந்தால் ஒன்றும் அகப்படாது. டிசி ஐசொலேட்டரை இறக்கி, டிசி பெட்டியில் உள்ள எஸ்பிடியின் (இடி வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) கார்ட்ரிட்ஜை உருவிவிட்டு, பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கு ஒரு தரம், மைனஸிலிருந்து எர்த்துக்கு ஒரு தரம் வோல்ட் பார்க்க வேண்டும். நல்ல வயரிங்கில் இரண்டும் சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கம் வரும். கோளாறு இருந்தால் எண் நிலையாக நிற்கும். உங்கள் வரிசையில் 10 பேனல், ஒவ்வொன்றும் 40 வோல்ட், மொத்தம் 400 என்று வையுங்கள். பிளஸ் பக்கம் 280, மைனஸ் பக்கம் 120 என்று வந்தால், 120 என்பது மூன்று பேனல். மைனஸ் முனையிலிருந்து எண்ணி மூன்றாவது பேனலுக்கும் நான்காவதற்கும் நடுவே உள்ள இணைப்பில்தான் கசிவு. இரண்டையும் கூட்டினால் 400-க்குக் குறைவாக வந்தாலும் விகிதம் ஏறக்குறைய அதேதான்.

அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: டை அறுந்து எம்சி4 கனெக்டர் (பேனல் வயர்களைச் சேர்க்கும் பிளக்) தரையில் தண்ணீருக்குள் கிடக்கும், ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி என்று பொருந்தாமல் மாட்டியிருப்பார்கள், அணில் கடித்திருக்கும், இல்லையென்றால் ஆனி, ஆடிக் காற்றில் வயர் ஆடி ஆடி ஸ்டாண்டின் வெட்டு ஓரத்தில் உரசித் தோல் போயிருக்கும். நம் பக்கத்துக் காற்றுக்குச் சாதாரண பிளாஸ்டிக் டை ஒரு வருஷம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் கிளிப்போ, வெயிலைத் தாங்கும் கறுப்பு டையோ போட்டு, வயர் எங்கும் தொங்காமல் கட்டுங்கள்.

கடலோரம். உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி இருக்கிறது. அதையே சோலாருக்கு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், உவரி

வேண்டாம். உப்பு ஜி.ஐ. குழாயைத் தின்றுவிடும், உவரியின் மண்ணிலும் காற்றிலும் ஏற்கெனவே இருக்கும் உப்பு போதும். தோண்டிப் பார்த்தால் கீழ்ப்பாதிக் குழாய் சல்லடையாக இருக்கலாம். புதிதாக 250 மைக்ரான் ராட்டை அடித்து, மேலே வரும் இணைப்புகளுக்கு கிரீஸோ தாரோ பூசி மூடுங்கள். மாடியிலுள்ள ஸ்டார் வாஷர் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு வாஷர் உங்கள் ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் வாஷராக இருக்காது.

டிசி பக்கம் எஸ்பிடி போட்டும் சித்திரை இடியில் இன்வெர்ட்டர் போய்விட்டது. எஸ்பிடி வேஸ்ட்டா?
– வாசகர், பணகுடி

எஸ்பிடியிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பியின் நீளத்தைப் பாருங்கள். பெட்டிக்குள் சுருட்டி வைத்து மூன்று மீட்டர் ஓட்டியிருந்தால் அதுதான் காரணம். இடியின் கரண்ட் ஏறும் வேகத்தில், நேரான கம்பியிலேயே மீட்டருக்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பும். எஸ்பிடி பிடித்த வோல்ட்டேஜுக்கு மேல் இதுவும் சேர்ந்து இன்வெர்ட்டருக்குப் போகிறது. வயரிலிருந்து எஸ்பிடிக்கும், எஸ்பிடியிலிருந்து எர்த் பட்டைக்கும் சேர்த்து அரை மீட்டருக்குள் முடியுங்கள். டிசி பெட்டி இன்வெர்ட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் இன்வெர்ட்டர் பக்கத்தில் இன்னொரு எஸ்பிடி வேண்டும். எஸ்பிடியின் சின்ன ஜன்னல் பச்சையா சிவப்பா என்று ஒவ்வொரு இடிக்குப் பிறகும் பாருங்கள். சிவப்பென்றால் அது செத்து எத்தனை நாளோ.

வயலில் 7.5 எச்.பி. சோலார் பம்ப்செட். எர்த்துக்குப் போட்ட செம்புக் கம்பியை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஸ்டாண்டு காலில் கயிற்றைக் கட்டுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், நாங்குநேரி

செம்பை விடுங்கள். 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டைக்கு ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் மதிப்பில்லை, எர்த்துக்குக் குறையும் இல்லை. இரண்டு பட்டை சேரும் இடத்தில் 10 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று வைத்து இரண்டு போல்ட் போடுங்கள். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். பட்டையை அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, ஸ்டாண்டுக்கு இரண்டு கால்களில் இரண்டு இணைப்பு கொடுங்கள். கால் கான்கிரீட்டில் நிற்பதே எர்த் ஆகிவிடும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். மாசி, பங்குனியில் அந்தக் கான்கிரீட் காய்ந்த கல்தான்.

பலர் மறப்பது மோட்டாரை. போரில் இறங்கும் குழாய் இரும்பாக இருந்த காலத்தில் அதுவே மோட்டார் உடம்புக்குப் பாதி எர்த்தாக இருந்தது. இப்போது எச்.டி.பி.இ. என்னும் பிளாஸ்டிக் குழாய். மூன்று கோர் கேபிள் மட்டும் இறக்கியிருந்தால் மோட்டாருக்கு எர்த்தே இல்லை. அடுத்த முறை மோட்டாரை ஏற்றும்போது, எர்த்துக்கென்று தனியாக ஒரு கம்பியைக் குழாயோடு சேர்த்துக் கட்டி இறக்கி, மேலே கன்ட்ரோலர் பெட்டியின் எர்த் போல்ட்டில் இறுக்குங்கள்.

முள்வேலிக் கம்பியை ஸ்டாண்டு காலில் சுற்றியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். ஸ்டாண்டில் ஏறும் கரண்டும் இடியும் வேலி வழியாகப் பக்கத்து வயல் வரை போகும். ஆட்டைக் கட்ட இடம் வேண்டும் என்றால், ஸ்டாண்டிலிருந்து நாலு மீட்டர் தள்ளி, இடிதாங்கிக் குழி இல்லாத பக்கமாக ஒரு மரக்கட்டையை நட்டுக் கொடுங்கள். கயிற்றை அதில் கட்டிக்கொள்வார்கள்.